கண்டறியப்படவில்லை

சென்ற அக்டோபரில் ஒரு காலை, என் இடக்கண்ணில் ஓர் எழுத்து காணாமல் போயிற்று. அன்றுமுதல் ஏறத்தாழ ஆறு வாரங்கள் நடந்தவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று நான்கு மாதங்களாக எண்ணிவருகிறேன். உடல்நலக் குறைவைப் பொதுவெளியில் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. எனினும், ஆய்வுத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தொடர்புடைய ஒரு கேள்வியை இந்த அனுபவம் எழுப்பியது. இடையே நான் அறிந்துகொண்ட சில மருத்துவச் செய்திகள் யாருக்கேனும் பயன்படவும் கூடும். பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

ஆந்திரப் பகுதியில் கிடைக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் என் ஆய்வுப்பொருள். திருப்பதி, காளத்தி, நெல்லூர் முதலிய ஊர்களில் சோழர் காலத்திலும் பின்னரும் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதியாக உள்ளன. ஹைதராபாத்தில் தங்கி, அவற்றின் மைப்படிகளின் ஒளிப்படங்களைக் கணினியில் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகப் படித்து, பதிப்பில் உள்ள பாடத்துடன் ஒப்பிடுவது என் அன்றாடப் பணி. செப்டம்பர் இறுதியில் விடுதியில் பலருக்கும் டெங்கு வந்தது, எனக்கும் வந்தது. தட்டணுக்கள் குறைந்து நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்து திரும்பினேன். காய்ச்சல் தொடங்கிய ஒன்பதாம் நாள், உடம்பு சற்றுத் தேறியதும் கணினியைத் திறந்தேன். நான் நேராகப் பார்த்த எழுத்து தெளிவாகவே இருந்தது. அதற்குச் சற்று இடப்புறம், மேலே, முந்தைய வரியின் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. கல் சிதைந்த இடம் என்றே முதலில் கருதினேன். பார்வையை அடுத்த எழுத்துக்கு நகர்த்தினேன். சிதைவும் கூடவே நகர்ந்தது.

வலக்கண்ணை மூடினால் திட்டு இருந்தது. இடக்கண்ணை மூடினால் இல்லை. கண்ணைக் கழுவினேன், உறங்கினேன், மறுநாளும் இருந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. காய்ச்சலின் களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று நாள் காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்தது பிழை என்பதை இப்போது அறிவேன். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

முதலில் சென்ற கண் மருத்துவமனையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார்கள். இரு கண்களிலும் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தேன். 6/6 என்று எழுதினார்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, ஒளியைப் பாய்ச்சி விழித்திரையைப் பார்த்தார்கள். பின்னர் ஓ.சி.டி. என்னும் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு படம் எடுத்து, வண்ணத் தாளில் அச்சிட்டுக் கோப்பில் வைத்தார்கள். ஆங்கிலத்தில் இருந்த அறிக்கையின் கடைசி வரியைத் தமிழாக்கினால் இவ்வாறு வரும்: அசாதாரணம் எதுவும் கண்டறியப்படவில்லை. மருத்துவர் அதைப் பேச்சில் சுருக்கிச் சொன்னார்: "ஒன்றும் இல்லை. காய்ச்சலுக்குப் பிந்தைய பலவீனம்." சத்து மாத்திரைகளை எழுதிக்கொடுத்தார்.

இரண்டாம் இடத்தில் பார்வை நரம்பின் மீது ஐயம் கொண்டு மூளையை எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். நெட் தேர்ச்சி பெறாத ஆய்வு மாணவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் வழங்கப்படும் 8,000 ரூபாயில் வாழ்வோருக்கு அந்தப் பரிசோதனை என்ன பொருள் என்பதைத் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதிலும் குறை இல்லை. மூன்றாம் இடத்தில், பழைய கோப்பைப் புரட்டிப் பார்த்த மூத்த மருத்துவர் ஒருவர், கண்ணைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆய்வேட்டை எப்போது சமர்ப்பிக்க வேண்டும், உறக்கம் எப்படி, வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறதா என்று கேட்டார். பிறகு மிகுந்த கனிவுடன், மனநல ஆலோசகர் ஒருவரின் பெயரைச் சீட்டில் எழுதிக்கொடுத்தார்.

அந்தக் கனிவே என்னைக் குலைத்தது. சினந்திருந்தால் எதிர்த்திருப்பேன். கனிவாகச் சொன்னதால் நம்பத் தொடங்கினேன். அறைக்குத் திரும்பி வெள்ளைச் சுவரைப் பார்ப்பேன்; திட்டு தெரியும். தெரிகிறதா, அல்லது தெரிவதாக எண்ணிக்கொள்கிறேனா? எழுத்துகளைக் கண்ணால் பார்த்துச் சான்று கூறுவதே தொழிலாகக் கொண்டவருக்கு இதைவிடக் கொடிய கேள்வி வேறு இருக்க முடியாது. அதுவரை நான் படித்திருந்த பாடங்களையெல்லாம் ஐயுறத் தொடங்கினேன். ஊரிலிருந்து தொலைபேசியில் அம்மா, "படிச்சதெல்லாம் போதும்மா, நீ கெளம்பி வந்துடு" என்றார். சென்றிருப்பேன். ஐந்தாம் வாரம் என் நெறியாளர், அவருக்குத் தெரிந்த யாரோ சொன்னதாகக் கூறி, ஓர் அரசுக் கற்பித்தல் மருத்துவமனையின் விழித்திரைப் பிரிவுக்குப் போய்வருமாறு வற்புறுத்தினார். அதற்காகவே போனேன்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன், 6/6 என்ற எண்ணும் என் திட்டும் எவ்வாறு ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்க வேண்டும். எழுத்துப் பலகையின் 6/6 வரியில் உள்ள ஓர் எழுத்து, கண்ணில் ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே விரிகிறது. அதைப் படிக்க விழித்திரையின் நட்டநடுவில் உள்ள மிகச்சிறு குழிப்பகுதி போதும். அப்பகுதி நலமாக இருந்து, அதற்கு இரண்டு மூன்று பாகை தள்ளி ஓரிடம் செயலிழந்தால், பலகை அதை அறியாது. ஆனால் நூலைப் படிப்பவர் அறிவார். படிக்கும்போது கண் ஓர் எழுத்தில் நிற்கையிலேயே சுற்றியுள்ள எழுத்துகளையும் உள்வாங்கிக்கொண்டுதான் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது.

விழித்திரையை நேராகப் பார்த்த மருத்துவர்களுக்கும் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கு விடை, விழித்திரையின் அமைப்பிலேயே இருக்கிறது. கண்ணுக்குள் நுழையும் ஒளி, விழித்திரையின் பல அடுக்குகளைக் கடந்து சென்ற பிறகே, கடைக்கோடியில் இருக்கும் ஒளியுணர் செல்களை அடைகிறது. ஆகவே விழித்திரை ஏறத்தாழக் கண்ணாடிபோல் ஒளியை ஊடுருவவிட்டாக வேண்டும். மருத்துவர் உள்ளே பார்க்கும்போது தெரியும் செம்மை, பெரும்பாலும் விழித்திரைக்குப் பின்னால் உள்ள குருதியின், நிறமியின் செம்மையே. குருதிக் கசிவோ வீக்கமோ வெளிறலோ இருந்தால் கண்ணுக்குப் படும். அவை எதுவும் இன்றிக் கடைசி அடுக்கின் செல்கள் மட்டும் நலிந்திருந்தால், தெளிந்த நீருக்கடியில் கிடக்கும் கண்ணாடிச் சில்லைப்போல அது மறைந்திருக்கும்.

நோயாளிக்கும் ஒன்றும் தெரியவில்லை, மருத்துவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்று கண் மருத்துவத்தில் ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. கண்ணுக்குப் பின்னால் பார்வை நரம்பில் ஏற்படும் அழற்சியைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்வது அது. இந்த வேடிக்கைக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. 1851-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுள் நோக்கியைப் பற்றிய நூலை வெளியிட்டார். உயிருள்ள மனிதரின் விழித்திரையை மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்க முடிந்தது அதன் பிறகுதான். அதுவரை 'காரணம் தெரியாத குருடு' என்ற ஒரே பெயருக்குள் கிடந்த பல நோய்கள் தனித்தனிப் பெயர் பெற்றன.

அடுத்த படி, சாயத்தைக் குருதியில் செலுத்தி விழித்திரையின் குழாய்களை ஒளிப்படம் எடுக்கும் முறை. அமெரிக்காவின் இண்டியானாவில் மருத்துவ மாணவர்களாக இருந்த ஹெரால்ட் நோவோட்னி, டேவிட் ஆல்விஸ் ஆகிய இருவர் உருவாக்கியது அது. முதலில் யார் கையில் ஊசி போட்டுக்கொள்வது என்று நாணயம் சுண்டிப் பார்த்ததில் ஆல்விஸ் தோற்றார் என்பது அத்துறையில் அனைவரும் அறிந்த செய்தி. அவர்களின் கட்டுரை 1961-இல் வெளியானது ஒரு கண் மருத்துவ இதழில் அல்ல. குருதியோட்டத்தைப் பற்றிய 'சர்குலேஷன்' இதழில். ஆய்வு மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க செய்தி.

மூன்றாம் படிதான் ஓ.சி.டி. 1991-இல் டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபூஜிமோட்டோ உள்ளிட்ட குழுவினர் 'சயன்ஸ்' இதழில் அதை அறிவித்தனர். அந்த மூவருக்கும் 2023-இல் லாஸ்கர் விருது கிடைத்தது. ஸ்கேன் அறையில் ஒலியின் எதிரொலியைக் கொண்டு கருவைப் பார்ப்பதைப்போல, இதில் அகச்சிவப்பை ஒட்டிய ஒளியின் எதிரொளிப்பைக் கொண்டு விழித்திரையின் அடுக்குகளைப் பார்க்கிறார்கள். ஒளியின் வேகத்தில் திரும்பிவரும் நேரத்தை நேரடியாக அளக்க முடியாது. எனவே கண்ணிலிருந்து திரும்பும் கதிரை, தெரிந்த தொலைவு சென்றுவந்த மற்றொரு கதிருடன் சேர்த்து, இரண்டும் குறுக்கிடும் முறையிலிருந்து ஆழத்தைக் கணிக்கிறார்கள். இன்றைய கருவிகள் ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர் ஆழ வேறுபாட்டைப் பிரித்துக் காட்டும். அது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஊசி இல்லை, சாயம் இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை.

இவ்வளவு நுட்பமான கருவியின் முன் நான் ஏற்கெனவே ஒருமுறை தாடையை வைத்துவிட்டேன். அது எதையும் காட்டவில்லை. ஏன்?

அரசு மருத்துவமனையில் மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்த பிறகு என்னைப் பார்த்தவர், முதுநிலைப் படிப்பில் இருந்த பயிற்சி மருத்துவர். என் வயதுதான் இருக்கும். மேசையில் பாதி எழுதிய அவரது ஆய்வேட்டின் தாள்கள் கிடந்தன. நான் கோப்பை நீட்டினேன். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு கட்டம் போட்ட ஒரு தாளை எடுத்து, "இடக்கண்ணால் மட்டும் நடுப்புள்ளியைப் பாருங்கள். எங்கே தெரியவில்லையோ அதைப் பென்சிலால் வரையுங்கள். அவசரம் இல்லை" என்றார்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டம் அது. 10 சென்டிமீட்டர் சதுரம், உள்ளே 400 சிறு கட்டங்கள். முப்பது சென்டிமீட்டர் தொலைவில் பிடித்தால் ஒவ்வொரு கட்டமும் பார்வையில் ஏறத்தாழ ஒரு பாகை. விலை என்று பார்த்தால் ஒரு தாளின் விலை. நடுப்புள்ளிக்கு மேலே, இடப்பக்கம், ஏறத்தாழ மூன்று கட்ட அளவில், கூரிய முனை நடுவை நோக்கியிருக்கும் ஓர் இதழின் வடிவத்தை வரைந்தேன். ஐந்து வாரங்களில் என்னை யாரும் வரையச் சொன்னதில்லை. வரைந்து முடித்ததும் கண்ணில் நீர் வந்தது. சொட்டு மருந்தின் மேல் பழியைப் போட்டேன்.

அவர் அந்தத் தாளுடன் ஓ.சி.டி. அறைக்கு என்னை அழைத்துச் சென்றார். முதலில் அகச்சிவப்பு ஒளியில் விழித்திரையின் மேற்பரப்புப் படம் ஒன்றை எடுத்தார். பின்னர் என் வரைபடத்தை, அடிவிளிம்பு மேலே வருமாறு புரட்டி, தாளின் பின்புறம் தம்மை நோக்கியிருக்கத் திரையின் ஒளியில் பிடித்தார். ஏன் என்று கேட்டேன். விழித்திரையில் உருவம் மேல்கீழாகவும் இடவலமாகவும் மாறி விழுகிறது. ஆனால் மருத்துவர் எதிரே நின்று பார்ப்பதால் இடவலம் மீண்டும் நேராகிவிடுகிறது. எஞ்சுவது மேல்கீழ் மாற்றம் மட்டுமே என்று விளக்கினார். தாளை விலக்கினார். திரையில், நடுக்குழிக்குக் கீழே, இடப்பக்கம், சாம்பல் நிற விழித்திரையின் மீது கருமையாக ஓர் இதழ். கூரிய முனை நடுவை நோக்கியிருந்தது.

நான் வரைந்த அதே இதழ்.

"இப்போது இதன் மேலேயே கோடு போடுவோம்" என்றார். ஓ.சி.டி. ஒரு வெட்டுப்படம் எடுக்க வேண்டுமென்றால், எந்தக் கோட்டின் வழியே வெட்டுவது என்று யாரேனும் சொல்ல வேண்டும். முதல் மருத்துவமனையில் நடுக்குழியின் வழியே கிடைமட்டமாக ஒரே கோடு போட்டு, அந்தப் படத்தை அச்சிட்டிருந்தார்கள். பழுது அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது. இப்போது இதழின் குறுக்கே நெருக்கமாகப் பல கோடுகள் போட்டதும், ஒளியுணர் செல்களின் அடுக்கைக் குறிக்கும் வெண்ணிற வரி, இதழ் தொடங்கும் இடத்தில் மங்கி, சற்றுத் தொலைவு அறுந்து, மீண்டும் தொடர்வது தெரிந்தது. சிதைந்த கல்வெட்டு வரி ஒன்றைப் பார்ப்பதைப்போல் இருந்தது.

பிறகுதான் அவர் என் பழைய கோப்பைத் திறந்தார். முதல் மருத்துவமனை அச்சிட்ட வண்ணத் தாளின் இடது மூலையில், கோடு எங்கே போடப்பட்டது என்பதைக் காட்டுவதற்காக, அஞ்சல் தலை அளவில் ஓர் அகச்சிவப்புப் படம் இருந்தது. பச்சைக் கோட்டுக்குக் கீழே அதில் ஒரு மங்கிய கறை. என் விரல் நகத்தைவிடச் சிறியது. ஐந்து வாரங்களாக அந்தத் தாளை மருத்துவமனை மருத்துவமனையாக நான் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். சான்று என் கையிலேயே இருந்தது. யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்பதற்கான காரணத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

நோயின் பெயர் அக்யூட் மேக்குலர் நியூரோரெட்டினோபதி. 1975-இல் போஸ், டியூட்மன் என்ற இரு டச்சு மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள். இளம் வயதினரிடம், குறிப்பாகப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் அரிய நோய். காய்ச்சலுக்குப் பின் வருவதுண்டு. டெங்குவுக்குப் பின் வந்த நோயாளிகளைப் பற்றி இந்தியாவிலிருந்தும் ஆய்வுக்குறிப்புகள் வெளியாகியிருக்கின்றன. கோவிட் காலத்திலும் பல பதிவாயின. விழித்திரையின் நுண்குழாய்களில் குருதியோட்டம் சற்றுநேரம் தடைப்படுவதே காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. நேராகப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, அல்லது மிக இலேசாகத் தெரியும். சாயம் செலுத்தி எடுக்கும் படமும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். அகச்சிவப்புப் படத்தில் அது வெளிப்படையாகத் தெரிகிறது.

இதைக் கேட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. தேய்ந்துபோன கல்வெட்டை நண்பகல் வெயிலில் நேராக நின்று பார்த்தால் வெறும் கல்லாகத் தெரியும். மாலையில் ஒளி சாய்ந்து விழும்போதோ, பக்கவாட்டில் விளக்கைப் பிடிக்கும்போதோ எழுத்துகள் எழுந்து நிற்கும். களப்பணிக்குச் சென்ற அனைவரும் இதை அறிவோம். 'இக்கல்லில் எழுத்து இல்லை' என்று நண்பகலில் எழுதிவிட்டு வருபவரை எங்கள் துறையில் ஆய்வாளர் என்று சொல்வதில்லை.

மருத்துவம் இதற்கு என்ன என்று கேட்டேன். நிறுவப்பட்ட மருந்து எதுவும் இல்லை என்று நேராகச் சொன்னார். பலருக்குத் திட்டு சில மாதங்களில் சுருங்கும். சிலருக்கு அடையாளம் நிலைத்துவிடும். அது பரவிக் கண்ணைக் கெடுப்பது வழக்கமன்று. மூன்று மாதம் கழித்து மீண்டும் படம் எடுக்கலாம் என்றார். சத்து மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். விசித்திரமாகத் தோன்றலாம், மருந்தில்லை என்று கேட்டுவிட்டு வெளியே வந்தபோது, ஐந்து வாரங்களில் முதன்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டேன். அன்றிரவு அம்மாவிடம், "நோய் இருக்கும்மா, உண்மையாவே இருக்கு" என்று மகிழ்ச்சியுடன் சொன்னேன். அவர் குழம்பிப்போனார்.

கருவியைப் போற்றுவதற்காக இதை எழுதவில்லை. அதே வகைக் கருவி முதலில் என்னைக் கைவிட்டது. அதே கருவி பின்னர் காப்பாற்றியது. இடையே மாறியது ஒரு பென்சில் வரைபடம். எங்கே பார்க்க வேண்டும் என்று கருவிக்குச் சொன்னது நோயாளியின் வாக்குமூலம். அந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்றவர் ஒரு மருத்துவர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. படத்தில் இன்னும் தெரியாத நோய்கள் இருக்கின்றன. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் காஸ் 1990-களின் தொடக்கத்தில் விவரித்த ஒரு விழித்திரை நோய்க்கு, 'மறைந்த' என்னும் பொருள்பட்ட சொல்லையே பெயரில் சேர்த்தார். பார்வைப் புலத்தின் ஒரு பகுதி திடீரென்று இழக்கப்படும். விழித்திரையோ தொடக்கத்தில் நலமாகத் தெரியும். அத்தகைய நிலையில் பார்வைப் புலப் பரிசோதனை, விழித்திரையின் மின்துடிப்பை அளக்கும் பரிசோதனை முதலியன தேவைப்படலாம். உடலில் பழுதின்றி, மனத்தின் சுமையால் பார்வை குன்றுவதும் உண்மையாகவே நிகழ்வதுதான். அப்படி வருபவர் நடிப்பவர் அல்லர். அவருக்கும் உரிய மருத்துவமும் மதிப்பும் வேண்டும். ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்கும் சான்று தேவை. தேடல் முடிந்துவிட்டதற்கான களைப்பு சான்றாகாது.

ஆறு வாரங்களில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது அந்த அறிக்கையின் கடைசி வரியைத்தான். 'கண்டறியப்படவில்லை' என்பது நேர்மையான சொல். இந்த நாளில், இந்தக் கருவியால், இந்தக் கோட்டில், எங்களால் காண முடியவில்லை என்ற அடக்கம் அதில் இருக்கிறது. அது மேசையைக் கடந்து நோயாளியின் காதுக்கு வருவதற்குள் 'இல்லை' என்று ஆகிவிடுகிறது. இந்தத் தாவலை மருத்துவர்கள் மட்டும் செய்வதில்லை. ஆவணக் காப்பகத்தில் ஒரு வாரம் தேடிவிட்டு, 'இதற்குச் சான்று இல்லை' என்று எத்தனை அடிக்குறிப்புகளில் எழுதுகிறோம்! என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அத்தகைய வாக்கியங்கள் ஏழு இருந்தன. கல்வெட்டுப் பதிப்பில், ஐயத்துக்குரிய எழுத்தை அடைப்புக்குறிக்குள் இடுவோம். அழிந்த எழுத்துக்குப் புள்ளி வைப்போம். அங்கே ஏதோ இருந்தது என்பதை அந்தப் புள்ளி வருபவருக்குச் சொல்லும். உரைநடையில் நாம் அந்தப் புள்ளியை வைப்பதில்லை. ஏழு வாக்கியங்களையும் திருத்தினேன். எங்கே தேடினேன், எதைத் தேடவில்லை என்று இப்போது அவற்றில் எழுதியிருக்கிறேன். நெறியாளர் படித்துவிட்டு, பக்கம் கூடுகிறதே என்று மட்டும் சொன்னார்.

இறுதியாக, பயன் கருதிச் சில சொற்கள். திடீரென்று ஒரு கண்ணில் பார்வை குறைந்தால், வலி இல்லாவிட்டாலும், அன்றே செல்லுங்கள். நான் மூன்று நாள் காத்திருந்ததால் எனக்குப் பெரிய இழப்பு நேரவில்லை, அது நற்பேறு. விழித்திரையின் முதன்மைத் தமனி அடைபடுவது மூளைப் பக்கவாதத்துக்கு ஒப்பான அவசர நிலை. அதில் மணிக்கணக்கே முக்கியம். மின்னல்கள் தெரிந்து, பறக்கும் புள்ளிகள் பெருகி, திரை விழுவதுபோல் மறைத்தால் விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். ஐம்பது வயதைக் கடந்தவர்க்குத் தலைவலியும் மெல்லும்போது தாடை வலியும் சேர்ந்து பார்வை மங்கினால் தமனி அழற்சியை ஐயுற வேண்டும். தாமதித்தால் மறு கண்ணும் போகக்கூடும். இவற்றையெல்லாம் விலக்கிய பிறகும் விடை கிடைக்கவில்லை என்றால், திட்டை வரைந்து எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்த்து, நாளும் நேரமும் குறித்து வரையுங்கள். அகச்சிவப்புப் படமும் அந்த இடத்தின் வழியே ஓ.சி.டி. வெட்டுப்படங்களும் எடுக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். அச்சிட்ட தாளை மட்டும் வாங்காமல், மூலப் படங்களையும் கேட்டுப் பெறுங்கள்.

மறுபரிசோதனை சென்ற வாரம் முடிந்தது. அறுந்த வரி பெரும்பாலும் ஒட்டிவருகிறது. நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. இதழ் அளவு இருந்த திட்டு இப்போது ஓர் அரிசி அளவு. ஞாயிறுதோறும் கட்டத்தாளில் அதை வரைகிறேன். பதினான்கு தாள்கள் சேர்ந்திருக்கின்றன. அந்தப் பயிற்சி மருத்துவர் அவற்றின் படி ஒன்றைத் தமக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய ஆய்வேடும் இன்னும் முடியவில்லையாம்.